புது டிவியில் சினிமா மட்டும் சீரியல் மாதிரி தெரிகிறதே, ஏன்?

கேள்வி: 55 இஞ்ச் 4கே டிவி வாங்கியிருக்கிறேன். கிரிக்கெட் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் ஓடிடியில் எந்தப் படம் போட்டாலும் ஏதோ சீரியல் பார்ப்பது போல் இருக்கிறது. டிவியை மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்:

மாற்றக் கேட்க வேண்டாம். டிவியில் பழுது எதுவும் இல்லை. உள்ளே ஒரு வசதி தானாகவே ஆன் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். அதை அணைத்தால் படம் படமாகத் தெரியும். எங்கே போய் அணைப்பது என்று கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் ஏன் இப்படி என்று கொஞ்சம் பேசிவிடுகிறேன், இந்த விஷயத்தில் எனக்கு ரொம்ப நாளாகக் கடுப்பு இருக்கிறது.

சினிமா என்பது வினாடிக்கு 24 ஃபிரேம், அதாவது அடுத்தடுத்து ஓடும் 24 தனித்தனிப் படங்கள். மௌனப் படக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள், வேகம் ஆளுக்கு ஆள் மாறும். 1920களின் கடைசியில் பேசும் படம் வந்ததும் அது நடக்காது என்றாகிவிட்டது. வேகம் ஏறி இறங்கினால் கதாநாயகியின் குரலும் கூடவே ஏறி இறங்கும். ஃபிலிம் செலவும் கையைக் கடிக்கக் கூடாது, ஒலியும் ஒழுங்காக வர வேண்டும் என்று பார்த்து 24இல் வந்து நின்றார்கள். ரசனை பார்த்து யாரும் தேர்ந்தெடுத்த எண் இல்லை. ஆனால் அதில் ஒரு அழகு அமைந்துவிட்டது. ஒவ்வொரு ஃபிரேமும் வழக்கமாக 1/48 வினாடி வெளிச்சம் வாங்குவதால், வீசுகிற கையும் ஓடுகிற காலும் லேசாகக் கலங்கித் தெரியும். நம் கண் அந்தக் கலங்கலுக்குப் பழகித்தான் அதைச் சினிமா என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது.

டிவி வேறு வம்சம். இந்தியாவில் ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ் கணக்கு. செய்தி, கிரிக்கெட், வீடியோ கேமராவில் எடுத்த சீரியல் எல்லாம் வினாடிக்கு 50 தடவை புதுப்பிக்கப்படும் அசைவோடு வீட்டுக்குள் வந்தன. அதனால் ஆள் நடந்தால் பக்கத்து அறையில் நடப்பது போல் வழவழவென்று இருக்கும். வருஷக்கணக்கில் சாயங்காலம் சீரியல் ஓடிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த வழவழப்பைப் பார்த்ததும் சீரியல் ஞாபகம் வருவதில் ஆச்சரியமே இல்லை. அமெரிக்காவிலும் இதே கதைதான், அங்கே சீரியலுக்கு சோப் ஓபரா என்று பெயர், அதனால் இதை 'சோப் ஓபரா எஃபெக்ட்' என்கிறார்கள்.

சரி, 24 ஃபிரேமில் எடுத்த படம் உங்கள் வீட்டில் ஏன் வழவழ என்று ஆனது? டிவிக்குள் இருக்கும் சிப் அடுத்தடுத்த இரண்டு ஃபிரேம்களை எடுத்து, எந்தப் பகுதி எங்கிருந்து எங்கே நகர்ந்திருக்கிறது என்று ஊகித்து, நடுவில் தானே புது ஃபிரேம்களைத் தயாரித்துச் செருகுகிறது. டிவிப் பெட்டியின் மேல் 'எம்இஎம்சி' என்று பெருமையாகப் போட்டிருப்பார்களே, அது இதுதான். அதாவது நீங்கள் பார்ப்பதில் பாதிக்கு மேல் ஒளிப்பதிவாளர் எடுக்காத படம்.

ஊகம் தப்பும்போது கூத்தாகிவிடும். பெரியப்பா வீட்டுப் புது டிவியில் ஒரு சண்டைக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கம்பி கேட் பின்னால் ஹீரோ ஓடுகிறார். கம்பிகளைத் தாண்டும்போதெல்லாம் அவர் தலையைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குக் காற்று நெளிகிறது. ஒரு கம்பி நடுவில் காணாமல் போய்த் திரும்ப வருகிறது. அடுத்து குளோசப்பில் ஆள் நின்றதும் சட்டென்று எல்லாம் சாதாரணமாகிவிட்டது. பெரியப்பா என் பக்கம் திரும்பி, “ஏன்டா, இது திருட்டு பிரிண்டா?” என்று கேட்டார். மாதச் சந்தா கட்டிப் பார்க்கிற மனுஷன்!

கம்பெனிகள் இதை ஆன் செய்தே அனுப்புவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. எல்இடி, ஓஎல்இடி பேனல்கள் ஒரு ஃபிரேமை அடுத்தது வரும்வரை அப்படியே பிடித்து வைத்திருக்கும். நகரும் பந்தைக் கண் தொடரும்போது அது மங்கலாகத் தெரிவது அதனால்தான். நடுவில் ஃபிரேம்களைச் செருகினால் மங்கல் குறையும். விளையாட்டுக்கு இது நியாயமான வைத்தியம். ஆனால் அதையே சினிமாவுக்கும் கொடுக்கிறார்கள். ஷோரூமில் வரிசையாக 20 டிவி ஓடும்போது எது பளபள, எது வழவழ என்றுதான் வாங்க வந்தவர் பார்ப்பார் என்பது அவர்களுக்குத் தெரியும். வீட்டில் விளக்கணைத்துப் படம் பார்க்கப்போகிறவரைப் பற்றி அங்கே யாருக்கு என்ன கவலை?

சினிமாக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 2018 டிசம்பரில் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் ஒரு வீடியோ போட்டு, தயவுசெய்து இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். விமானத்தில் தொங்குகிற ஆள் ரிமோட் செட்டிங்கைப் பற்றிப் பேச வேண்டிய நிலைமை. அடுத்த வருஷமே யுஎச்டி அலையன்ஸ் என்ற கூட்டமைப்பு 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்று ஒன்றை அறிவித்தது. அதைத் தேர்ந்தெடுத்தால் டிவி தன் கைவரிசையைக் காட்டாமல் வந்த படத்தை அப்படியே காட்டும்.

ஃபிரேம் கூடினாலே கெடுதலா என்று சிலர் கேட்பார்கள். நிஜமாகவே அதிக ஃபிரேமில் எடுத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஹாலிவுட் இயக்குநர் பீட்டர் ஜாக்சன் 2012இல் 'தி ஹாபிட்' முதல் பாகத்தை 48 ஃபிரேமில் கொண்டுவந்தார். செட்டும் மேக்கப்பும் பல்லிளிக்கிறது என்று பலர் முகம் சுளித்தார்கள். இன்னொரு இயக்குநர் ஆங் லீ 120 வரை போய்ப் பார்த்தார், அதுவும் பெரிதாக எடுபடவில்லை. ஜேம்ஸ் கேமரூன் 2022இல் வந்த 'அவதார்' இரண்டாம் பாகத்தில் தண்ணீருக்கடியிலும் சண்டையிலும் 48 வைத்து, பேச்சுக் காட்சிகளில் 24 போலவே தெரியும்படி பார்த்துக்கொண்டார். மூன்றில் எனக்கு அவர் செய்ததுதான் புத்திசாலித்தனமாகப் படுகிறது. ஆனால் இந்த மூவரும் கேமராவிலேயே முடிவெடுத்தவர்கள், இங்கே முடிவெடுப்பது ஒரு சிப். நாளைக்கே 60 ஃபிரேம் கேம் ஆடி வளர்ந்த பிள்ளைகள் 24 வெட்டி வெட்டிப் போகிறது என்று சொல்லலாம், சொல்லட்டும். அப்போதும் எந்த வேகம் என்பதை எடுத்தவர் முடிவு செய்யட்டும் என்பதுதான் என் கட்சி.

இனி ரிமோட். செட்டிங்ஸில் பிக்சர் பகுதிக்குள் போங்கள். கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். சாம்சங்கில் எக்ஸ்பர்ட் செட்டிங்ஸுக்குள் 'பிக்சர் கிளாரிட்டி' (பழைய மாடலில் 'ஆட்டோ மோஷன் பிளஸ்'), எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ', பல ஆண்ட்ராய்டு டிவிகளில் நேரடியாக 'எம்இஎம்சி'. ஆஃப் செய்யுங்கள். ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் படம் பார்க்கும்போது அதற்கே மாற்றிவிடலாம், இல்லாவிட்டால் 'சினிமா' அல்லது 'மூவி' மோடில் வைத்து இதைத் தனியாக அணையுங்கள். ஒன்று கவனியுங்கள்: பல டிவிகளில் செட்டாப் பாக்ஸ் வரும் எச்டிஎம்ஐக்கு ஒரு செட்டிங், உள்ளே இருக்கும் ஆப்புக்கு ஒரு செட்டிங். ஒரு இடத்தில் அணைத்துவிட்டு ஒன்றும் மாறவில்லையே என்று உட்கார்ந்திருக்காதீர்கள். கிரிக்கெட் பார்க்கும் பக்கம் ஆனிலேயே இருக்கட்டும், அதற்கு அது பொருத்தம்தான்.

உங்களுடையது ஓஎல்இடி என்றால் மட்டும் ஒரு திருத்தம். அதில் ஃபிரேம் படக்கென்று மாறுவதால், கேமரா பக்கவாட்டில் மெதுவாகத் திரும்பும் காட்சிகளில் 24இன் துள்ளல் உறுத்தலாம். அப்படி உறுத்தினால் முழுக்க அணைக்காமல் அளவை ஆகக் குறைவாக வையுங்கள்.

சினிமா மோடுக்கு மாறியதும் படம் மஞ்சளடித்து மங்கலாக இருப்பதாகத் தோன்றும், உடனே பழையபடி மாற்றக் கை பரபரக்கும். ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள். அதற்கப்புறம் 'விவிட்' மோடை ஒரு நிமிஷம் போட்டுப் பார்த்தால், இத்தனை நாள் எல்லோர் முகமும் டியூப்லைட் அடியில் நின்ற மாதிரி நீலம் பாரித்து இருந்தது உங்களுக்கே தெரியும்.