முட்டையிட வைக்க ஊசி மட்டும் போதுமா? சிப்பிகளின் ஹார்மோன்கள் பற்றிக் கேள்வி பதில்

பொரிப்பக ஊழியர்: சார், முட்டையிட வைக்க முத்துச்சிப்பிகளுக்குச் செரட்டோனின் என்ற நரம்புச் செய்தி வேதிப்பொருளை ஊசியாகப் போட்டோம். ஆண்கள் அரை மணிக்குள் விந்து விட்டன, பெண்கள் ஒன்றுகூட முட்டை விடவில்லை. மருந்து குறைவா?

முதலில் டப்பாவின் லேபிளைப் பாருங்கள். செரட்டோனின் இரண்டு உப்புகளாக விற்கிறது. 2 மில்லிமோலார் (கரைசலின் செறிவைக் குறிக்கும் அலகு) கரைசலுக்கு, 100 மி.லி. நுண்வடிகட்டிய கடல்நீரில் ஹைட்ரோகுளோரைடு என்றால் 42.5 மி.கி., கிரியாட்டினின் சல்ஃபேட் என்றால் 81 மி.கி. வேண்டும். இரண்டாவதை வைத்துக்கொண்டு முதலாவதின் எடையைப் போட்டால் வீரியம் பாதிதான். வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும். அன்றன்றைக்குக் கரைத்து, பழுப்பேறியதைக் கொட்டிவிடுங்கள். ஒரு சிப்பிக்கு 0.4 மி.லி., ஓடுகளை மூடும் தசைக்குள் இறங்க வேண்டும். தசையைத் தாண்டி ஊசி போய்விட்டால் மருந்து நீரில் கலந்து வீணாகும்.

இதெல்லாம் சரியாக இருந்தால், குறை சினையில்தான். செரட்டோனின் முட்டைக்குள் மஞ்சள்கருவை நிரப்பாது. நிரம்பிய முட்டையைக் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளி வெளியே விடும், அவ்வளவுதான். ஊசிக்கு முன்பே அந்தக் கூட்டத்தில் இரண்டு சிப்பியைத் திறந்து, சினையில் ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் பாருங்கள். முட்டைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, காம்போடு பேரிக்காய் வடிவில் இருந்தால் இன்னும் காலம் ஆகவில்லை. தனித்தனியாக உதிர்ந்து, கடல்நீரில் சில நிமிடங்களில் உருண்டு திரண்டால் பக்குவம். ஆண்கள் பொதுவாகவே முந்திக்கொள்ளும். அந்த விந்து நீரில் சிறிதளவு, பழுத்த பெண்ணைத் தூண்டவும் செய்யும். ஆனால் ஆணை உடனே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். விந்து மிகுந்தால் ஒரே முட்டைக்குள் பல விந்தணு புகுந்து கரு கோணலாகிவிடும். முட்டை ஒன்றுக்கு ஐந்து முதல் பத்து விந்தணு தாராளம்.

கடல் உயிரியல் மாணவி: மூளையே இல்லாத உயிரில் செரட்டோனின் எங்கிருந்து வருகிறது?

மூளை இல்லையே தவிர, வாயருகே, பாதத்தில், உள்ளுறுப்பருகே என நரம்புமுடிச்சுகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து செரட்டோனின் நரம்பிழைகள் சினைப்பகுதி வரை போகின்றன. முட்டையின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் அது ஒட்டியதும் முட்டைக்குள் கால்சியம் உயர்ந்து, பெரிய உட்கரு கரைகிறது. ஜப்பானிய ஸ்காலப் (விசிறி வடிவச்) சிப்பியில் செரட்டோனின் ஊசி முட்டையிட வைப்பதை மட்சுதானியும் நொமுராவும் 1982-இல் காட்டினார்கள். இதற்கு வெகு முன்னரே நடக்கும் வேலை வேறு: விந்துத் தாய்ச்செல்கள் பெருகுவதை, முதுகெலும்பிகளின் ஜி.என்.ஆர்.எச். (இனப்பெருக்கத்தைத் தூண்டும் மூளை ஹார்மோன்) போன்ற ஒரு பெப்டைடு, அதாவது சிறு புரதத்துண்டு, தூண்டுகிறது என்று ஸ்காலப்பிலேயே கண்டிருக்கிறார்கள்.

கேள்வி: ஆளியின் (உண்ணும் சிப்பியின்) சினையைக் கீறி எடுத்து விந்தோடு கலந்தால் கரு பிடிக்கிறது. மட்டியில் ஏன் பிடிப்பதில்லை?

ஆளியின் முட்டையைக் கடல்நீரில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வைத்தால் உட்கரு தானே கரைந்து தயாராகும். மட்டியிலும் முத்துச்சிப்பியிலும் கீறி எடுத்த முட்டை உட்கருவோடு அப்படியே நின்றுவிடும். விந்து பட்டும் பயனில்லை. அதனால்தான் முத்துச்சிப்பி முட்டையை மெல்லிய அமோனியா கலந்த கடல்நீரில் வைத்து எழுப்புகிறார்கள். இயல்பாக முட்டையிட வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது, தாய்ச்சிப்பியும் பிழைக்கும்.

சிறு பண்ணையாளர்: மருந்தே இல்லாமல் முடியாதா, சார்?

முடியும், நான் முதலில் பரிந்துரைப்பதும் அதைத்தான். ஆளியை 20–22 டிகிரி நீரில் இரண்டு மூன்று வாரம் வையுங்கள். ஐசோகிரைசிஸ், கீட்டோசெரஸ் பாசிகளைக் கலந்து குறையாமல் கொடுங்கள். தூத்துக்குடி நீரின் சூட்டில் விட்டால் தின்றது உடம்புக்கே செலவாகும், சினை கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தும் போகும். குளிர்ச்சி இரண்டையும் தடுக்கும். பிறகு வெளிச்சூழலைவிடச் சில டிகிரி கூடுதலான நீருக்கு மாற்றுங்கள். ஆண், ஒரே சீராக வெண்புகைபோல் விந்து விடும். பெண் ஓடுகளைப் படக் படக்கென்று மூடும். ஒவ்வொரு அடிப்பிலும் முட்டை மேகமாகத் தெறிக்கும். இதை வைத்தே தூரத்திலிருந்து ஆண் பெண் பிரித்துவிடலாம்.

கேள்வி: எஸ்ட்ராடையால் (எஸ்ட்ரோஜன் வகைப் பெண் ஹார்மோன்) கொடுத்தால் பெண் சிப்பிகள் கூடுமா?

வேண்டாம். ஊசி போட்ட பழைய ஆய்வுகள் சில, சினை வேகமாகப் பழுத்ததாகச் சொல்கின்றன. ஆனால் எஸ்ட்ரோஜனை உண்டாக்கும் அரோமடேஸ் மரபணு மெல்லுடலிகளில் காணப்படவில்லை. பசிபிக் ஆளியின் எஸ்ட்ரோஜன் ஏற்பி எஸ்ட்ராடையாலுக்கு அசைவதுமில்லை. நீரில் இருக்கும் ஸ்டீராய்டைச் சிப்பி உறிஞ்சிக் கொழுப்போடு கட்டிவைத்துக்கொள்ளும். சாப்பிடும் சிப்பியில் அதைச் சேர்ப்பது தவறு.

கேள்வி: எதிலும் ஒட்டிக்கொள்ளாமல் தனித்தனிச் சிப்பிக் குஞ்சு வேண்டும். அட்ரினலின் உதவுமா?

பசிபிக் ஆளியில் நன்றாக வேலை செய்கிறது. ஒரு லிட்டர் கடல்நீருக்கு அட்ரினலின் பைடார்ட்ரேட் 33 மி.கி.; லார்வாக்களை (நீந்தும் இளம் பருவத்தவை) அதில் ஒரு மணி நேரம் வைத்து, சல்லடையில் நன்றாகக் கழுவுங்கள். கண்புள்ளியும் பாதமும் வந்தவைதான் குஞ்சாக மாறும். வராதவற்றைச் சல்லடையில் பிரித்துத் தொட்டிக்கே திருப்பிவிட்டு, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள்.