மாடித்தோட்டக் குழுவில் 600 பேர் இருந்தும் பத்துப் பேர்தான் பேசுகிறார்கள். மற்றவர்களை எப்படிப் பேச வைப்பது?

பத்துப் பேர் பேசுவது குறைவில்லை. இணையக் குழுக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 90 பேர் வாசிப்பதோடு சரி, 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் ஓயாமல் எழுதுவார் என்று இணையப் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2006-லேயே சொல்லியிருக்கிறார். ஆகவே 600 பேரையும் இழுக்கப் பார்க்காதீர்கள். எப்போதாவது எழுதக்கூடிய அந்த ஐம்பது பேரைப் பிடியுங்கள்.

அவர்கள் சும்மா இருப்பது சோம்பலால் அல்ல. "இதுகூடத் தெரியாதா?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற தயக்கம்தான். அதனால் பதில் சொல்ல அறிவே தேவைப்படாத கேள்வியாகக் கேளுங்கள். "உங்கள் தோட்ட அனுபவத்தைப் பகிருங்கள்" என்றால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். "வெண்டை இலையைத் திருப்பி, அடிப்பக்கத்தை ஒரு படம் எடுத்துப் போடுங்க" என்று கேட்டால் படங்கள் வரும். ஒருவர் இலையில் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சி இருக்கும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, மாலையில் இலையடியில் படும்படி தெளிக்கச் சொல்லலாம். இன்னொருவர் இலையில் நரம்பெல்லாம் மஞ்சளாகி வலைபோலத் தெரியும். அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய், மருந்தடித்துத் தீராது, செடியைப் பிடுங்கிவிட வேண்டும். தன் செடிக்கென்றே பதில் கிடைத்தவர் அடுத்த முறை தானாக வருவார்.

முதல்முறை எழுதுபவருக்கு அன்றைக்கே பதில் போயாக வேண்டும். ஆனால் அதை நீங்களே இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டால் மற்றவர்களுக்குப் பேச ஒன்றும் மிஞ்சாது. சாயங்காலம்வரை பொறுங்கள். அதே செடி வளர்க்கும் ஒருவர் பெயரைக் குறிப்பிட்டு, "அக்கா, போன ஆடியில உங்க வெண்டைக்கும் இதே வந்துச்சே, என்ன பண்ணீங்க?" என்று கேளுங்கள். இரவாகியும் யாரும் பேசாவிட்டால் மட்டும் நீங்கள் சொல்லுங்கள். "முன்னாடியே சொல்லியாச்சு, மேலே தேடிப் பாருங்க" என்பதுதான் ஒரு குழுவைச் சாகடிக்கும் வாக்கியம். ஒரு வரியில் பதிலைச் சொல்லி, பழைய பதிவின் இணைப்பையும் கொடுங்கள்.

பரிசுப்போட்டி வேண்டாம், பரிசு முடிந்ததும் கூட்டமும் கலையும். குழு டெலிகிராமில் இருந்தால், கீரைக்கு ஒன்று, கொடிக்கு ஒன்று என்று தனித்தனித் தலைப்புகளாக இப்போதே பிரிக்காதீர்கள். இருக்கிற பேச்சும் சிதறி, ஒவ்வொரு தலைப்பும் வெறிச்சோடிக் கிடக்கும். காலை வணக்கப் படங்களை மட்டும் தயங்காமல் நீக்குங்கள், அவற்றால்தான் பலர் குழுவையே மௌனத்தில் போடுகிறார்கள்.

ஆடிப்பட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னால் மிச்ச விதைப் பதிவு ஒன்று போடுங்கள். ஒரு பாக்கெட் விதை ஒரு மாடிக்கு அதிகம், எல்லார் வீட்டிலும் மீதி இருக்கும். கேட்கக் கூச்சப்படுபவர்கூடக் கொடுக்க முன்வருவார். விதையின் பெயர், ஊர், எடுத்த மாதம், நாட்டு விதையா கலப்பினமா என்ற நான்கையும் எழுதச் சொல்லுங்கள். கலப்பினச் செடியில் எடுத்த விதை தாய்ச்செடி மாதிரியே வராது. அதைச் சொல்லாமல் கொடுத்தால் மூன்று மாதம் கழித்து மனக்கசப்புதான் வரும்.

வாரக் கடைசியில் மொத்தச் செய்திகளை எண்ணாதீர்கள். அந்த வாரம் முதல்முறையாக எழுதியவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் பாருங்கள்.