நிறுவனக் கட்டுரையை அதன் ஊழியரே திருத்தலாமா?

வணக்கம். நீங்கள் விளம்பரப் பிரிவில் பணிபுரியும் நிறுவனத்தைப் பற்றிய ஆங்கில விக்கிப்பீடியா கட்டுரையில் தொடக்க ஆண்டைத் திருத்தி, பழைய வழக்கொன்றைப் பற்றிய பத்தியை நீக்கியதாகவும், இரண்டு மாற்றங்களையும் மற்றவர்கள் நீக்கிப் பழைய வடிவத்துக்கே மாற்றிவிட்டதால் புதிய கணக்கில் முயலலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். புதிய கணக்கில் முயலவே வேண்டாம்; 2015இல் பணம் வாங்கிக்கொண்டு பல கணக்குகளில் கட்டுரைகளைத் தொகுத்து (எழுதித் திருத்தி) வந்த ஒரு கூட்டத்தின் 381 கணக்குகள் மொத்தமாக முடக்கப்பட்டன.

தனியே பணம் வாங்காவிட்டாலும், அலுவலக வேலையாகச் செய்தால் அது கட்டணத் தொகுப்புதான், அதாவது பணத்துக்காகக் கட்டுரையைத் திருத்துவதுதான். யாருக்காகத் தொகுக்கிறீர்கள் என்பதைப் உங்கள் கணக்குக்குரிய பயனர் பக்கத்திலோ, கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்திலோ, ஒவ்வொரு திருத்தத்தோடும் எழுதும் குறிப்பான தொகுப்புச் சுருக்கத்திலோ வெளிப்படுத்த வேண்டும் என்று விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அமைப்பின் பயன்பாட்டு விதிமுறைகள் 2014 முதல் கோருகின்றன. அதைச் செய்தபின், கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில், எந்த வரி, அது எப்படி மாற வேண்டும், எந்த நாளிதழ்ச் செய்தி சான்று என்று தெளிவாக எழுதிக் கோரிக்கை வையுங்கள்.

ஆண்டு எளிதில் மாறிவிடும். வழக்குப் பத்தியோ, நம்பகமான செய்திகளைச் சான்றாகக் கொண்டிருந்தால் பெரும்பாலும் நீங்காது; தீர்ப்பு சாதகமாக வந்திருந்தால் அதையும் சேர்க்குமாறு கேட்கலாம். இதை உங்கள் மேலாளரிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.