மகன் பெயரில் கடன், திருப்பூரில் மிஷின்

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட்டில் இருக்கிறோம். மகனுக்கு 19 வயது. கம்யூனிட்டி காலேஜில் அட்மினிஸ்ட்ரேஷன் ஆஃப் ஜஸ்டிஸ் (சட்டம், காவல் துறை சார்ந்த படிப்பு) இரண்டாம் வருடம் படிக்கிறான். சில வகுப்புகளை விட்டுவிட்டதால் இன்னும் ஒரு வருடம் ஆகும். 2027ல் சான் ஹோசே ஸ்டேட்டுக்கு மாறி, டிகிரி முடித்து போலீஸில் சேர ஆசை. ஃபெடரல் கல்விக் கடனை வருடாவருடம் முழுசாக எடுத்துவிடுகிறோம். செலவு போக மிஞ்சுவதை என் கணவர் திருப்பூரில் பனியன் யூனிட் வைத்திருக்கும் தன் தம்பிக்கு அனுப்புகிறார். இந்த செமஸ்டர் பணம் 3,250 டாலர் போன வாரம் வந்தது. அதையும் கேட்கிறார் கொழுந்தனார். இதற்கிடையில் தமிழ்ச் சங்க நண்பர் ஒருவர், மகன் படிப்புக்காக ஐ.யூ.எல். என்ற ஆயுள் காப்பீட்டு பாலிசியில் மாதம் 400 டாலர் போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: பாலிசியைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தில் உண்மையான ஓட்டை அதற்கு முந்தைய வரியில் இருக்கிறது.

கலிஃபோர்னியாக்காரர்களுக்குக் கம்யூனிட்டி காலேஜில் ஒரு யூனிட் (பாடங்களை அளக்கும் கிரெடிட்) 46 டாலர். மகன் 15 யூனிட் எடுத்தாலும் செமஸ்டருக்கு 690. புத்தகம், பெட்ரோல் சேர்த்து 1,000 என்றே வைப்போம். மூன்று செமஸ்டர் முடிந்திருக்கிறது, 3,000. ஆனால் எடுத்த கடன், முதல் வருடம் 5,500, போன செமஸ்டர் 3,250, ஆக 8,750. மீதி 5,750 டாலர், கிட்டத்தட்ட 5 லட்சம் ரூபாய், திருப்பூரில் ஓவர்லாக் மிஷினாக நிற்கிறது.

இந்த 8,750 டாலர் கடனுக்கு வட்டி சுமார் 6.5 சதவீதம். முழுக்க மானியம் இல்லாத வகை (படிக்கும்போது வட்டியை அரசு ஏற்காதது) என்றால், படிக்கும்போதே வருடம் 570 டாலர் ஏறும். படிப்பு முடிந்து தவணை தொடங்குவதற்குள் 2,300 தாண்டும். கொழுந்தனார் 5 லட்சத்தைப் பைசா குறையாமல் திருப்பித் தந்தாலும் அந்த வட்டி உங்கள் மகன் தலையில்தான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூருக்கு விழுந்த அடி உங்களுக்கே தெரியும். அவரைக் குறை சொல்லவில்லை. அவர் நிலைமையில் யாரும் கேட்பார்கள். கொடுப்பது யார் பணம் என்பதுதான் விஷயம். அப்புறம், கல்விச் செலவுக்கு மட்டுமே பயன்படுத்துவேன் என்று அந்தக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருப்பது உங்கள் மகன்.

இன்னொரு கணக்கைப் பலர் கவனிப்பதில்லை. பெற்றோரைச் சார்ந்த மாணவருக்கு இளங்கலை முழுமைக்கும் ஃபெடரல் கடன் உச்சவரம்பு 31,000 டாலர். இப்படியே போனால் கம்யூனிட்டி காலேஜ் மூன்று வருடத்திலேயே 18,500 தீர்ந்துவிடும். மிச்சம் 12,500. கால் ஸ்டேட் (சான் ஹோசே ஸ்டேட் அடங்கிய கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகம்) டியூஷன் 2025-26ல் 6,450 டாலர், வருடம் 6 சதவீதம் ஏற்றுவது ஏற்கெனவே முடிவானது. மகன் போகும் இரண்டு வருடத்துக்கு டியூஷன் மட்டும் தோராயமாக 15,000, வளாகக் கட்டணம் தனி. பற்றாக்குறைக்கு நீங்கள் பேரன்ட் பிளஸ் என்ற, பெற்றோர் பெயரிலான ஃபெடரல் கடன் வாங்குவீர்கள். அதற்கு வட்டி சுமார் 9 சதவீதம், தரும்போதே 4 சதவீதத்துக்கு மேல் பிடித்துக்கொள்வார்கள். மலிவாகப் படிக்கத்தானே கம்யூனிட்டி காலேஜில் சேர்த்தீர்கள்?

போலீஸ் வேலை என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். கலிஃபோர்னியாவில் வேலைக்கு எடுக்கும் முன் நடக்கும் பின்னணி விசாரணையில் பண விவகாரமும் உண்டு. கல்விக் கடன் இருப்பது தப்பில்லை. தவறிய தவணை நிச்சயம் கேள்வியாகும். "அந்தப் பணத்தை எதற்குச் செலவழித்தாய்?" என்று கேட்டால் பையன் என்ன சொல்வான்?

அந்த 3,250ஐ அனுப்பாதீர்கள். பணம் வந்த 120 நாளுக்குள் திருப்பிக் கட்டினால் அதற்கான வட்டியும், தரும்போது பிடித்த கட்டணமும் ரத்தாகும். முழுசையும் திருப்பிவிட்டு, இந்த செமஸ்டர் 1,000ஐச் சம்பளத்தில் கட்டுங்கள். அடுத்த வருடம் கடனே வேண்டாம். கடன் அசல் 8,750லேயே நிற்கும். பல்கலைக்கழகம் போனதும் வருடம் 7,500 வரை எடுக்க இடம் தாராளமாக இருக்கும். தம்பிக்கு உதவ வேண்டும் என்று கணவர் நினைத்தால் தாராளமாக உதவட்டும், தன் சம்பளத்தில், ஒரு தொகையை முதலிலேயே முடிவு செய்துகொண்டு.

மூன்றாவது வருடம் ஆகிறதே என்று மகனை விரட்ட வேண்டாம். 21 வயதுக்கு முன் கலிஃபோர்னியாவில் போலீஸாக முடியாது. ஆனால் டிரான்ஸ்ஃபருக்கென்றே கம்யூனிட்டி காலேஜ் தரும் ஏ.எஸ்.டி. டிகிரியை முடித்துவிட்டே மாறட்டும். கால் ஸ்டேட்டில் அதே துறையில் சேர்ந்தால் மேற்கொண்டு 60 யூனிட்டில் டிகிரி முடிக்கலாம். ஏ.எஸ்.டி.க்குக் கணக்கில் சேராத வகுப்புக்கு இனி ஒரு டாலர் கட்டாதீர்கள்.

சரி, ஐ.யூ.எல். முதல் பல வருடங்களுக்குள் பணத்தை எடுத்தால் சரண்டர் கட்டணம் போகும் ஆயுள் காப்பீடு அது. உங்களுக்குப் பணம் தேவைப்படுவது 2027ல். சங்கத்து நண்பருக்கு அதில் கமிஷன் உண்டு, அவரிடமே கேட்டுப் பாருங்கள். அந்த 400ஐ மாதாமாதம் சாதாரண ஹை-யீல்டு (கூடுதல் வட்டி தரும்) சேமிப்புக் கணக்கில் போடுங்கள். 2027 ஆகஸ்டுக்குள் 7,000 டாலருக்கு மேல் சேரும். முதல் வருட டியூஷன் பெரும்பகுதி அதிலேயே அடங்கிவிடும்.