வாசகர் கேள்வி பதில்: பணம் யாருடையதாக இருந்தாலும் பேரேடு ஒன்றுதான்

கேள்வி: எங்கள் ஊர்ச் சங்கத்தில் ஆண்டுதோறும் நன்கொடை திரட்டிப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கென ஓர் அறக்கட்டளைக்கு அனுப்புகிறோம். பக்கத்து ஊர்க்காரர்கள் வேறோர் அமைப்புக்குக் கொடுக்கிறார்கள். அரசும் தனியே கொடுக்கிறது. இவை அனைத்தையும் நாடு முழுமைக்கும் ஒரே நிதியாக்கிவிட்டால் என்ன? (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: ஒரே உண்டியல் என்ற எண்ணம் எழுவது இயல்பே. ஆனால் இதில் முன்னே சென்றவர்கள் அந்த வழியில் போகவில்லை. பிரிட்டனில் 2001-இல் தொடங்கப்பட்ட தேசியப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், பெயரைக் கேட்டால் ஆய்வுக்கூடம் போலத் தோன்றினாலும், உண்மையில் அரசுத் துறைகளும் அறக்கட்டளைகளும் மருந்துத் தொழில் துறையினரும் கூடிப் பேசும் பொதுச் சபையாகவே இருந்தது. பணம் அவரவர் கையிலேயே இருந்தது. யார் எந்த ஆய்வுக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறார்கள் என்பதை ஒரே பேரேட்டில் ஏற்றியதுதான் அச்சபையின் முதல் பெரிய வேலை.

கணக்குப்பிள்ளை வேலைதானே என்று நினைத்துவிட வேண்டாம். ஒருவர் 'மார்பகப் புற்றுநோய்' என்று எழுதி வைப்பதை மற்றொருவர் 'மரபணு ஆய்வு' என்று எழுதியிருப்பார். இரண்டையும் கூட்ட முடியாது. ஆகவே நோயின் உயிரியல், காரணங்கள், தடுப்பு, முன்கூட்டியே கண்டறிதல், சிகிச்சை, நோயாளிகளின் பிற்கால நலம் என்று பிரிக்கும் பொது வகைப்பாடு ஒன்றைப் பல நாடுகளிலும் ஆய்வுக்குப் பணம் தரும் நிதியாளர்கள் கையாளுகிறார்கள். அவ்வாறு பிரித்துப் பார்த்தபோது, 2002-இல் பிரிட்டனுக்கு ஓர் உண்மை புலப்பட்டது: மொத்தச் செலவில் தடுப்பு ஆய்வுக்குப் போனது சுமார் 2 சதவீதமே. நுரையீரல் புற்றுநோயால் இறப்போர் மிகுதியாக இருந்தும், அதற்கான ஆய்வுப் பணம் அதற்கேற்ப இல்லை. கீழ்பவானிப் பாசனத்தில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தலைமடையில் நிற்பவர் தம் மடையில் நீர் போவதை மட்டுமே பார்ப்பார். கடைமடை காய்வது வாய்க்கால் முழுவதையும் நடந்து பார்த்தவருக்கே தெரியும். அதன் பிறகே நிதியாளர்கள் பலர் சேர்ந்து தடுப்பு ஆய்வுக்கெனத் தனித் திட்டம் வகுத்தார்கள்.

அந்தச் சபையும் 2023-இல் மூடப்பட்டுவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். கூட்டுறவு ஒருமுறை அமைத்துவிட்டால் நிலைத்துவிடும் என்பது நம் ஆசைதான்.

நம் நாட்டில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உயிரித் தொழில்நுட்பத் துறை, அணுசக்தித் துறை முதலியவை தனித்தனியே நிதி தருகின்றன. 2012-இல் மும்பையின் புற்றுநோய் மருத்துவமனையான டாடா நினைவு மையத்தை நடுவாகக் கொண்டு உருவான தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பு முதன்மையாக மருத்துவமனைகளை இணைப்பது; மருந்துகளை ஒன்றாகப் பேரம் பேசி வாங்கி விலையைப் பெருமளவு குறைத்துக் காட்டியது. நிதியாளர்களிடையே அதே துணிவு வர வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் சங்கம் இப்போதே செய்யக்கூடியது ஒன்றுண்டு: சென்ற ஆண்டு அனுப்பிய பணம் எந்த வகை ஆய்வுக்குச் சென்றது என்று அறக்கட்டளையிடம் எழுத்து மூலம் கேளுங்கள்.

கேள்வி: இருபது ஆண்டுகளுக்கு முன் காடி போன்ற ஏதோ ஒன்றைத் தடவிக் கர்ப்பப்பை வாயைச் சோதித்தார்கள் என்று என் மாமியார் சொல்கிறார். அது ஆராய்ச்சியா, முகாமா? (வாசகி, ஒட்டன்சத்திரம்)

பதில்: உங்கள் ஊருக்கு அருகிலுள்ள அம்பிளிக்கையை மையமாக வைத்து, திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வாக அது இருக்கலாம். 30 முதல் 59 வயது வரையிலான பெண்கள் அதில் சேர்க்கப்பட்டனர். பயிற்சி பெற்ற செவிலியர், காடியில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள்; கோளாறான இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். ஆய்வகமோ மின்சாரமோ வேண்டாத சோதனை. 2007-இல் வெளியான முடிவின்படி, சோதனை நடக்காத ஊர்களோடு ஒப்பிட, சோதனை நடந்த ஊர்களில் இந்நோயால் ஏற்பட்ட இறப்பு 35 சதவீதம் குறைந்திருந்தது.

மேலே கோபி வாசகர் கேட்டதற்கும் இதற்கும் தொடர்புண்டு. இந்த ஆய்வு, ஐந்து சர்வதேச அமைப்புகள் சேர்ந்த கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்புக் கூட்டணியின் வழியாக, கேட்ஸ் அறக்கட்டளையின் நிதியில் நடந்தது. கூட்டணியின் அமைப்புகள் ஒரே கேள்வியைப் பல நாடுகளில், ஒன்றையொன்று அறிந்தே ஆராய்ந்தன.

அன்று மாமியாருக்குக் கோளாறில்லை என்று சொல்லியிருந்தாலும், மாதவிடாய் நின்ற பின் இரத்தப்போக்கு ஏற்பட்டால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். உங்களுக்கு 30 வயது ஆகியிருந்தால், இதே சோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம்.