ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின், திடீர் மழையில் பாலத்தைக் காட்டும் மர அச்சுப் படத்தை வாட்டர்கலரில் பார்த்து வரைகிறேன். மேலே கருமேகம் திட்டுத்திட்டாகிறது, மழைக்கோடுகள் கம்பி மாதிரி நிற்கின்றன. எப்படிச் சரிசெய்வது?

மேகத்தைக் கெடுப்பது ஈரம். மழையைக் கெடுப்பது கோட்டின் கனம்.

1857-இல் வந்த அந்த மர அச்சில் நிறத்துக்கு நிறம் தனிப் பலகை. கறுப்புக் கோட்டுப் பலகையைத்தான் முதலில் அச்சிடுவார்கள். நீங்களும் கோட்டிலிருந்தே தொடங்குங்கள். மூலம் ஏறக்குறைய 24×36 செ.மீ. ஏ4 தாளில் 16×24 செ.மீ. கட்டம் போட்டால் விகிதம் மாறாது. 300 ஜிஎஸ்எம் (தாளின் கனம்) வழவழப்பான பருத்தித் தாள் வாங்குங்கள். சொரசொரப்பான தாளில் மழைக்கோடு விட்டுவிட்டு விழும். பாலத்தையும் ஆட்களையும் தெப்பத்தையும் 0.1 வாட்டர்ப்ரூஃப் பேனாவால் போடுங்கள். அக்கரைக்குக் கோடே வேண்டாம், தண்ணீராகக் கலந்த சாம்பல் வாஷ் மட்டும்.

இனி மேகம். ஜப்பானிய அச்சில் இந்த நிறச் சரிவுக்கு பொகாஷி என்று பெயர். ஈரமான பலகையின் ஓரத்தில் மட்டும் சாயம் வைத்துப் பிரஷால் பரப்புவார்கள். தாளிலும் அதுவே. தாள் ஒட்டிய வரைபலகையைத் தலைகீழாகத் திருப்பி லேசாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். கறுப்பு தானாக வான விளிம்புக்கு இறங்கும். படத்தின் மேல் 6 செ.மீ. வானப் பகுதியை நனைத்து, பளபளப்பு அடங்கும்வரை பொறுங்கள். ஓர் அங்குலத் தட்டை பிரஷை நனைத்துப் பிழிந்து, ஒரு மூலையில் மட்டும் கறுப்பைத் தொட்டு, அந்த மூலை வான விளிம்பைப் பார்த்திருக்க, நிற்காமல் ஒரே இழுப்பு. திட்டு விழுவது தாளைவிட பிரஷில் தண்ணீர் கூடும்போது. தாள் காய்ந்துவிட்டால் திட்டுக்குப் பதில் கத்தி மாதிரி ஓரம் நிற்கும். ஒரே பூச்சில் கருமை வராது. மூன்று மெல்லிய பூச்சு, நடுவே நன்றாகக் காயவிட்டு. மேகத்தின் கீழ் ஓரம் ஒழுங்கில்லாமல் இருந்தால்தான் மேகம்.

ஆற்று நீலத்துக்குப் பிரஷ்யன் ப்ளூ. பாலத்துக்கு மங்கிய மஞ்சள்பழுப்பு, தட்டையாக, நிழல் சேர்க்காமல். டச்சு ஓவியர் வான்கோ 1887-இல் இதையே எண்ணெய் வண்ணத்தில் பிரதி எடுத்தார். அவருடைய நிறங்கள் மூலத்தைவிட உக்கிரம். அழகானவைதான், ஆனால் பயிற்சிக்கு அதைப் பார்த்து நிறம் எடுக்காதீர்கள்.

மழை கடைசியில். கோடுகள் இரண்டு சாய்வுகளில், மிகக் குறுகிய கோணத்தில் வெட்டிக்கொள்ளும். ஒரே சாய்வில், ஒரே கனத்தில், ஒரே கறுப்பில் போட்டால் கம்பிதான். மையில் தொட்டு எழுதும் மெல்லிய நிப்பு எடுத்து, ஒரு சாய்வுக்கு ஒரு பங்கு மையில் மூன்று பங்கு தண்ணீர் கலந்த சாம்பல், மற்றதற்கு ஒன்றுக்கு ஒன்று. ஸ்கேலுக்கு அடியில் இரண்டு நாணயம் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் மை அடியில் ஊறிவிடும். பாலத்தின் மேலும் குடைகளின் மேலும் கோடு விடாமல் ஓடட்டும். ஆட்களைச் சுற்றி விலகினால் அவர்கள் மழைக்கு வெளியே நிற்பார்கள்.