கூண்டுக்கிளியைத் திறந்துவிட்டால் பிழைக்குமா?

கேள்வி: ஏழு வருடமாக வளர்க்கும் பச்சைக்கிளியை விட்டுவிட நினைக்கிறோம். லண்டன் குளிரிலேயே நம் ஊர்க் கிளிகள் கூட்டங்கூட்டமாக வாழ்கின்றனவாம். எங்கள் கிளி அழகர்மலையில் பிழைக்காதா? – மதுரை வாசகி

பதில்: பிழைக்காது அம்மா. கூண்டைத் திறந்துவிடாதீர்கள்.

லண்டன் கதை உண்மைதான். 1969 வாக்கிலேயே அங்கே குஞ்சு பொரிக்கத் தொடங்கிவிட்டன. ஆனால் அவற்றின் முன்னோர் பெரும்பாலும் பாகிஸ்தான், வட இந்தியப் பக்கத்துக் கிளிகள். குளிர் தெரிந்த வம்சம். பனிக்காலத்தில் வீட்டுத் தோட்டந்தோறும் ஆட்கள் வேர்க்கடலை தொங்கவிடுகிறார்கள். மரங்கொத்தி விட்டுப்போன பொந்து கூடாகிறது. கூண்டிலிருந்து தப்பியதில் எத்தனை முதல் வாரமே செத்தன என்று யார் எண்ணினார்கள்? பிழைத்ததைத்தான் பார்க்கிறோம்.

உங்கள் கிளிக்கு வல்லூறு வந்தால் பதுங்கத் தெரியாது. பூனையைப் பார்த்தால் பேர் சொல்லிக் கூப்பிடும். பறக்காமல் நெஞ்சுத் தசை இளைத்திருக்கும். இறக்கையை வெட்டியிருந்தால் பழைய இறகு உதிர்ந்து புதிது முளைக்கும்வரை காத்திருக்க வேண்டும். அது வருடத்துக்கு ஒருமுறைதான்.

"ஐந்நூறு கொடுங்க, நானே காட்டுல விட்டுடறேன்" என்று ஒருவன் வருவான். கொடுக்காதீர்கள். அடுத்த ஞாயிறு அதே கிளி சந்தையில் இருக்கும். புண்ணியத்துக்கென்று கிளி வாங்கிப் பறக்கவிடுவதும் அவன் பிழைப்புக்குத்தான் உதவும்; விற்ற இடத்தை நிரப்ப இன்னும் நாலு பொந்தில் கையை விட்டுக் குஞ்சு எடுப்பான். "லைசன்ஸ் எடுத்துத் தரேன்" என்பவன் இவனுக்கு அண்ணன். பச்சைக்கிளி 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் வருகிறது. 2022 திருத்தத்தில் இரண்டாம் அட்டவணை, அதாவது பாதுகாக்கப்பட்ட உயிர்களின் பட்டியல். வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

வனச்சரக அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து ஒப்படையுங்கள், கையெழுத்தோடு ரசீது வாங்குங்கள். ஒரே நடையில் முடியாது. ஒரு அலுவலகத்தில் "இதை எங்கே சார் வைக்கிறது?" என்று என்னிடமே கேட்டார்கள். பிடிக்கச் சட்டம் போட்டவர்கள், பிடித்ததை வைக்க ஒரு பெரிய கூண்டு கட்டியிருக்கலாம்.

நீங்களே பறக்கவிடக்கூடிய கிளி ஒன்று உண்டு. வெளியிலிருந்து வந்து கண்ணாடியில் மோதி மயங்கி விழுந்த காட்டுக்கிளி. காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், இருட்டில், ஒன்றிரண்டு மணி நேரம் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தெளிந்து படபடத்தால் விழுந்த இடத்திலேயே விடுங்கள். விழுந்த இடம் என்றால் அதே தெரு. கண்மாய்க்கரை அல்ல, மலையடிவாரம் அல்ல. அதன் கூட்டமும் பொந்தும் இரை மரமும் அங்கேதான். பொழுது சாய்ந்துவிட்டால் காலைவரை பெட்டியிலேயே இருக்கட்டும். இறக்கை தொங்கினால் விடாதீர்கள், மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.